கைதட்டி உட்கார வைத்த கேள்வி

அந்த வருடம் பள்ளி திறந்த முதல் வாரத்தில் எங்கள் தாளாளர் ஆசிரியர்கள் எல்லோரையும் ஏசி ஹாலுக்கு அழைத்து, இனிமேல் நம் பள்ளியில் கணக்கு மனிதத்தன்மையோடு நடத்தப்படும் என்று அறிவித்தார். அதுவரை எதனோடு நடத்தப்பட்டது என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. காபியும் போண்டாவும் வந்துகொண்டிருந்தன.

நான் ஆர்.எஸ்.புரத்தில் அந்தத் தனியார் பள்ளியில் ஏழாம் வகுப்புக்குக் கணக்கு எடுத்துக்கொண்டிருந்தேன். வீடு தொண்டாமுத்தூரில். காலையில் பஸ்ஸில் இடம் கிடைத்தால் விடைத்தாள் திருத்துவேன், கிடைக்காவிட்டால் தூங்குவேன். நின்றுகொண்டே தூங்கும் வித்தை கணக்கு டீச்சர்களுக்குச் சீக்கிரம் வந்துவிடும்.

தாளாளர் ஏதோ ஒரு நட்சத்திர ஓட்டலில் நடந்த கல்வி மாநாட்டுக்குப் போய் வந்திருந்தார். அங்கே யாரோ சொன்னது அவர் மனதில் ஒட்டிக்கொண்டது. "கணக்குங்கிறது நம்பர் இல்லீங்க, அது மனுசனோட கதைங்க" என்று மைக்கில் உருகினார். அடுத்த வாரமே மாடிப்படிச் சுவரில் அதே வாசகம் வண்ணத்தில் எழுதப்பட்டது. சேர்க்கைத் துண்டறிக்கையிலும் அச்சானது. கணக்குப் பாடவேளை மட்டும் நாற்பது நிமிடமாகவே இருந்தது. மாதத் தேர்வும் அப்படியே இருந்தது. நாற்பது நிமிடத்துக்குள் மனுசனோட கதையைச் சொல்லி, போர்ஷனையும் முடித்துவிட வேண்டும்.

எங்களைத் தயார் செய்ய சென்னையிலிருந்து ஒரு பயிற்சியாளர் வந்தார். உடம்பில் கோட்டு, காதில் மாட்டும் மைக். வந்ததும் எல்லோருக்கும் ஆளுக்கொரு பலூன் கொடுத்தார். கணக்கைப் பற்றிய உங்கள் பயத்தைப் பலூன் மேல் எழுதி, ஊதி, உடையுங்கள் என்றார். கணக்கில் முதுகலை படித்துவிட்டு வந்த நாங்கள் பலூனை ஊதிக்கொண்டு நின்றோம். பக்கத்தில் நின்ற இயற்பியல் டீச்சர், "எனக்கு பலூன் மேலதாங்க பயம்" என்றார். அது ஒன்றுதான் அன்று முழுவதும் நான் கேட்ட உண்மையான வாக்கியம்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அவர் பாடத்துக்கு வந்தார். மைனஸையும் மைனஸையும் பெருக்கினால் ஏன் ப்ளஸ் வருகிறது என்பதைக் குழந்தைகளுக்கு எப்படி 'ஃபீல்' பண்ண வைப்பது என்று கேட்டார். அவரே பதிலும் சொன்னார். கெட்டவன் ஒரு மைனஸ். ஊரை விட்டுப் போவது ஒரு மைனஸ். கெட்டவன் ஊரை விட்டுப் போனால் ஊருக்கு நல்லது, ஆகவே ப்ளஸ். ஹால் முழுவதும் கைதட்டியது. தாளாளர் எழுந்து நின்று தட்டினார்.

ஒரு மாதம் கழித்து ஏழாம் வகுப்பில் அதே பாடம் வந்தது. பயிற்சியாளரின் கதையைத்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று பாடத்திட்டத்தில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். சொன்னேன். மைனஸ் இரண்டை மைனஸ் மூன்றால் பெருக்கினால் ஆறு என்று பலகையில் எழுதினேன். மூன்றாவது பெஞ்சில் ஒரு பெண், கோட்டைமேட்டில் பாத்திரக்கடை வைத்திருந்த குடும்பத்துப் பிள்ளை, கை தூக்கினாள். அந்த வருடம் அவள் வாய் திறந்தது அதுதான் முதல் தடவை.

"மிஸ், ரெண்டு கெட்டவங்க மூணு தடவை ஊரை விட்டுப் போனா, ஆறு நல்லவங்க எங்கிருந்து வருவாங்க?"

வகுப்பு சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. "போனவங்க போனாங்க, அவ்வளவுதானே மிஸ். ஊர்ல யாரும் புதுசா வரலையே. நான் இதை நம்பலை."

எனக்கு அந்தக் கதையின் மேல் இருந்த எரிச்சலை இவ்வளவு சுருக்கமாக நானே சொல்லியிருக்க முடியாது. "நம்பாட்டி நம்ப வேண்டாம் கண்ணு" என்றேன். "பெரிய பெரிய படிப்பாளிகளே பல நூறு வருசம் இந்த எண்களை ஒத்துக்க மாட்டேன்னு சண்டை போட்டிருக்காங்க. உனக்கு என்ன விடை வரணும்னு தோணுது, அதைச் சொல்லு."

"மைனஸ் ஆறு. ரெண்டுமே மைனஸ்தானே."

"சரி, அப்படியே வெச்சுக்குவோம். நாளைக்கு இவ சொல்ற கணக்குலேயே பெருக்கிப் பாப்போம்" என்று மணி அடிக்கவும் வெளியே வந்தேன்.

மறுநாள் வகுப்பு இரண்டு கட்சியாகப் பிரிந்து கிடந்தது. கேன்டீனிலேயே சண்டை தொடங்கிவிட்டதாம். மைனஸ் இரண்டை மூன்றால் பெருக்கினால் மைனஸ் ஆறு என்பதில் யாருக்கும் தகராறு இல்லை. எதையும் சைபரால் பெருக்கினால் சைபர் என்பதிலும் இல்லை. பிறகு முன் பெஞ்சுப் பெண் ஒருத்தி, சைபரை மூன்றும் மைனஸ் மூன்றும் சேர்ந்ததாக எழுதலாமே என்றாள். எழுதினோம். மைனஸ் இரண்டால் மூன்றையும் மைனஸ் மூன்றையும் தனித்தனியாகப் பெருக்கிக் கூட்டினோம். முதல் துண்டு மைனஸ் ஆறு. இரண்டாவது துண்டுக்கு, நம்பாத பெண்ணின் விடையைப் போட்டோம். அதுவும் மைனஸ் ஆறு. கூட்டினால் மைனஸ் பன்னிரண்டு.

"அப்ப உன் ஊர்ல சைபரால பெருக்கினா மைனஸ் பன்னெண்டு வருதுடி!" என்று எதிர்க்கட்சி கத்தியது.

அவள் கரும்பலகைக்கு வந்து ஒவ்வொரு வரியாக விரலை வைத்துப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்து, "அப்ப ப்ளஸ் ஆறுன்னு வெச்சாத்தான் சைபர் வருது. வேற எது வெச்சாலும் ஏதாவது ஒண்ணு உடையுது" என்றாள். விரலிலிருந்த சாக்பீஸ் தூளைத் தட்டினாள். "இதை நாமதான் முடிவு பண்றமா மிஸ்?"

"தொடக்கத்துல கொஞ்சம் நாம முடிவு பண்றோம். அதுக்கப்புறம் நம்ம பேச்சு எடுபடாது" என்றேன்.

"ஒத்துக்கறேன் மிஸ். ஆனா பிடிக்கலை" என்று போய் உட்கார்ந்தாள்.

என் வேலைக்காலத்தில் ஒரு பிள்ளை கணக்கைப் பற்றிச் சொன்ன வார்த்தைகளில் இதுபோல் எனக்கு நிறைவு தந்தது வேறு இல்லை. அந்த வாரம் முழுவதும் அதிலேயே போயிற்று. மாதத் தேர்வுக்கு இரண்டு பயிற்சிகள் பாக்கி நின்றன.

நிறைவு நீடிக்கவில்லை. பெற்றோர் வாட்ஸப் குழுவில் புகை கிளம்பி, தாளாளர் அறைக்குக் கூப்பிட்டார். பம்ப் செட் கம்பெனி நடத்தும் ஒரு அப்பா அங்கே உட்கார்ந்திருந்தார். மரியாதைக்குக் குறைவே இல்லை.

"ஏனுங்க மிஸ், தப்பா நெனைக்காதீங்க. எம் பொண்ணு ஊட்டுக்கு வந்து, ப்ளஸ்ஸா மைனஸ்ஸான்னு ஒரு வாரமா வகுப்புல ஓட்டுப் போடறாங்கன்னு சொல்லுதுங்க. விடை ப்ளஸ்ஸுன்னு புத்தகத்துல போட்டிருக்குதுங்க. அதைச் சொல்லிப்போட்டு அடுத்த பாடத்துக்குப் போக வேண்டியதுதானுங்களே?"

"ஏன் ப்ளஸ்ஸுன்னு கேட்டாங்க, சார்."

"நானும் பம்ப் செய்யறேனுங்க. வாங்கறவன் யாரும் ஏன் தண்ணி வருதுன்னு கேக்கறதில்லீங்க. வருதான்னுதானுங்க கேப்பாங்க."

தாளாளர் இதை ஒரு தத்துவம்போல் தலையாட்டிக் கேட்டார். பிறகு என் பக்கம் திரும்பி, "அம்மணி, மனிதத்தன்மையோட நடத்தச் சொன்னனுங்க. போர்ஷனை விட்டுப்போட்டு நடத்தச் சொன்னனா?" என்றார். அவருக்குப் பின்னால் சுவரில் மனுசனோட கதை என்ற வாசகம் சட்டம் போட்டு மாட்டியிருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு, பாக்கிப் பயிற்சிகளைச் சனிக்கிழமை வகுப்பில் முடிப்பதாகச் சொல்லிவிட்டு வந்தேன். முடித்தும் கொடுத்தேன்.

பிறகு கணித விழா வந்தது. பந்தல், பூரண கும்பம், சிறப்பு விருந்தினராக அதே பயிற்சியாளர். ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கெட்டவன் ஊரை விட்டுப் போகும் கதையை நாட்டியமாகவே பழக்கியிருந்தார்கள். கெட்டவனுக்கு மீசை ஒட்டியிருந்தார்கள். அவன் மேடையை விட்டு ஓட, பின்னணியில் ப்ளஸ் குறி விளக்கு எரிந்தது. பெற்றோர்கள் செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார்கள்.

"எனி கொஸ்டின்ஸ், சில்ரன்?" என்று பயிற்சியாளர் கேட்டார். கேட்பது வழக்கம், கேட்டதும் யாரும் எழ மாட்டார்கள் என்பதும் வழக்கம். ஏழாம் வகுப்பு வரிசையில் அந்த நம்பாத பெண் எழுந்தாள். மைக்கை அவளிடம் கொடுத்தார்கள்.

"சார், இந்தக் கதையில ஆறு எங்க சார் வருது? கெட்டவங்க போனா சைபர்தானே மிச்சம்? எங்க கிளாஸ்ல நாங்க வேற மாதிரி கண்டுபிடிச்சோம். சொல்லட்டுமா?"

பயிற்சியாளரின் முகத்தில் நான் எதிர்பார்த்த தடுமாற்றம் இல்லை. எவ்வளவோ மேடை பார்த்தவர். "வாவ்! வாட் எ கொஸ்டின்! இந்தக் குட்டிக்கு ஒரு பெரிய கைதட்டு கொடுங்க ஃப்ரெண்ட்ஸ்!" என்றார். பந்தலே அதிர்ந்தது. அந்தச் சத்தத்துக்குள் யாரோ அவள் கையிலிருந்து மைக்கை வாங்கிக்கொண்டார்கள். யாரோ தோளைத் தட்டி உட்கார வைத்தார்கள். ஒரு சாக்லேட்டும் கொடுத்தார்கள்.

அதட்டி உட்கார வைக்கிற வாத்தியார்களிடம்தான் நான் படித்தேன். அவர்கள் மேல் எனக்குப் பிரியம் எதுவும் இல்லை. ஆனால் அவர்கள் அதட்டினார்கள் என்பது எங்களுக்குத் தெரிந்தது, கோபப்பட முடிந்தது. கைதட்டுகிறவர்களிடம் எப்படிக் கோபப்படுவது? அவள் சாக்லேட்டைக் கையில் வைத்துக்கொண்டு, என்ன நடந்தது என்று புரியாமல் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வைக்காக அந்த ஆளை நான் இன்றும் மன்னிக்கவில்லை.

அடுத்த ஜூனில் எனக்கு ஏழாம் வகுப்பு கிடைக்கவில்லை. கணித ஆய்வகப் பொறுப்பாளர் ஆக்கினார்கள். பதவி உயர்வு என்று சொன்னார்கள். கண்ணாடி அலமாரிக்குள் பிளாஸ்டிக் கூம்பு, உருளை, கோளம். பிள்ளைகள் தொட்டால் அழுக்காகும் என்பதால் பூட்டு. விருந்தினர் வரும்போது திறந்து காட்டுவது என் வேலை.

ஜூலையில் ஒரு மதிய இடைவேளையில் அவள் டிபன் பாக்ஸோடு வந்து நின்றாள். கூடவே முன் பெஞ்சுப் பெண்ணும் இன்னொருத்தியும். "மிஸ், எந்த நம்பருக்கு மேல சைபர் அடுக்கு போட்டாலும் ஒண்ணுன்னு சொல்லித் தர்றாங்க. ஒரு தடவைகூடப் பெருக்கலைன்னா அந்த ஒண்ணு எங்கிருந்து வருது?"

"டீச்சர் என்ன சொன்னாங்க?"

"குட் கொஸ்டின்னு சொன்னாங்க" என்றாள், ருசி கெட்ட ஒன்றை மென்றதுபோல.

உட்காரச் சொன்னேன். அன்றிலிருந்து மதியம் மதியம் வந்தார்கள். ஒருநாள் அவர்கள் மேஜைமேல் சாக்பீஸால் எழுதிக் கத்திக்கொண்டிருந்தபோது தாளாளர் விருந்தினர்களோடு உள்ளே வந்துவிட்டார். திட்டப் போகிறார் என்று எழுந்தேன். அவரோ பூரித்துப்போய், "பாருங்க, இதுதானுங்க நம்ம மனிதத்தன்மைக் கணக்கு!" என்று போட்டோகிராபரைக் கூப்பிட்டார்.

படம் எடுத்தார்கள். அதில் அவள் புருவத்தை நெரித்து, தோழியின் விடையை ஒத்துக்கொள்ளாமல் விரலை நீட்டிக்கொண்டிருந்தாள். அவ்வளவு நல்ல படம். துண்டறிக்கைக்கு அது ஆகாது என்று ஒதுக்கிவிட்டார்கள். குழந்தைகள் சந்தோஷமாக இல்லையாம். மறுநாள் வேறு வகுப்பிலிருந்து பல் தெரியச் சிரிக்கும் நான்கு பிள்ளைகளை அழைத்து வந்து, அலமாரியைத் திறந்து, ஆளுக்கொரு பிளாஸ்டிக் கோளத்தைக் கையில் கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். கோளங்களைத் துடைத்து உள்ளே வைத்துப் பூட்டினேன். மதியம் மூன்று பேரும் வந்தார்கள், விட்ட இடத்திலிருந்து சண்டை போட.