மூன்று சாட்சிகளும் ஒரு வாஷிங் மெஷினும்

என் தங்கைக்கு வீட்டில் வாயாடி என்று பெயர். மூன்று வருடம் வரலாறு படித்துவிட்டு, என் வாஷிங் மெஷின் சர்வீஸ் சென்டரில்தான் வேலை செய்வேன் என்று வந்து நின்றாள்.

"செத்துப்போன ராஜாக்களைப் பத்திப் படிச்சவளுக்கு ஸ்பேனர் எதுக்குடி?"

"ராஜாவை யாருண்ணா படிச்சா? யார் எதுக்காகப் பொய் எழுதி வச்சாங்கன்னு படிச்சேன்."

ஒரு மாதம் பார்ப்போம், சரிப்படாவிட்டால் சித்தப்பாவின் ஜவுளிக்கடையில் துணி மடிக்கப் போக வேண்டும் என்று பேச்சு.

கடைசி நாள், குதிக்கிற மெஷின் இருக்கும் வீட்டுக்குக் கூட்டிப்போனேன். ஸ்பின் போட்டால் அது குளியலறையை விட்டு ஹால் வரைக்கும் நடந்து வரும். நானே இரண்டு முறை பெல்ட் மாற்றித் தோற்ற கேஸ். இதைச் சரிசெய்தால் வேலை அவளுக்கு என்று வாக்குக் கொடுத்திருந்தேன். எப்படியும் முடியாது என்ற தைரியம்தான்.

புருஷன், பெண்டாட்டி, மாமியார் மூவரும் வாசலிலேயே ஒப்பித்தார்கள். "ரெண்டே ரெண்டு சட்டைதான் போட்டோம், அதுவா குதிக்க ஆரம்பிச்சிடுச்சு."

வாயாடி டூல் பையைத் திறக்கவே இல்லை. "மூணு பேரும் ஒரு வார்த்தை மாறாம சொல்றாங்க. உக்காந்து பேசி வச்சிருக்காங்கண்ணா," என்று காதில் சொன்னாள்.

மூவரையும் தனித்தனியாகப் பிடித்தாள். என்ன கலர் சட்டை? புருஷன் நீலம் என்றார், பால்கனியில் பெண்டாட்டி வெள்ளை என்றார், சமையலறையில் மாமியார் கட்டம் போட்டது என்றார்.

"சரி, வெளிய எடுத்தது யாரும்மா?"

"மூணு பேரும் சேர்ந்துதாம்மா இழுத்தோம்!" என்ற மாமியார் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டார்.

துவைக்கப் போட்டது சட்டையே இல்லை, ஹாலில் விரிக்கிற கார்ப்பெட்! வாரன்டி போய்விடும் என்று மறைத்திருக்கிறார்கள். அடுத்த நிமிடம் புருஷனும் பெண்டாட்டியும் "உன் ஐடியாதானே", "உங்க ஐடியாதானே" என்று ஆரம்பிக்க, சிரிப்பை அடக்க நான் பாத்ரூமுக்குள் ஓடினேன்.

வாயாடி தரையில் படுத்து டார்ச் அடித்தாள். கார்ப்பெட் கனத்தில் டிரம்மைத் தாங்கும் ஷாக் அப்சார்பர் ஒன்று கழன்று தொங்கியது. மாட்டினாள். ஸ்பின் போட்டோம். மெஷின் நின்ற இடத்திலேயே நின்று சுற்றியது. மாமியார் கைதட்டினார், நான் வேலையை மறந்து விசிலடித்தேன்.

படியிறங்கித் தெருவுக்கு வந்தபோது சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. "வேலை உனக்குத்தாண்டி!"

அவள் நின்று என் முகத்தையே பார்த்தாள்.

"ரெண்டு தடவை வந்தியே, அடியில படுத்துப் பார்த்தியாண்ணா?"

"பார்த்தேனே."

"தரை ஈரமா இருந்துச்சா, காஞ்சிருந்துச்சா?"

"சட்டை அழுக்காகும்னு குனியவே இல்லடி," என்று நடுத்தெருவில் ஒப்புக்கொண்டேன்.