நெரோ என்றால் தண்ணீர்

யாராவது என்னைப் பொய்க்காரி என்றால் எனக்கு இன்றைக்கும் காது சுடும். சோம்பேறி, வாயாடி, சமைக்கத் தெரியாதவள் என்று என்னவும் சொல்லலாம், பாதி உண்மைதான். அந்த ஒரு சொல்லைத்தான் என்னால் தாங்க முடியாது. பத்து வயதில் அந்தக் கோபத்தை வைத்துக்கொண்டு ஒரு மனிதரின் வாழ்க்கையையே கவிழ்க்கப் பார்த்தேன்.

அது 2009. லண்டனில், கோலியர்ஸ் வுட்டில் எங்கள் வீட்டு முன்னறையில் சித்தப்பா வந்து தங்கியிருந்தார். குரோய்டனில் அவருடைய அகதி வழக்கு நடந்துகொண்டிருந்தது. வேலை செய்ய அனுமதி இல்லை. ஆகவே பள்ளிக்கூடத்திலிருந்து என்னைக் கூட்டிவருவது அவர் பொறுப்பு. வரும் வழியெல்லாம் கிரீஸ் கதைதான். லண்டனுக்கு வருமுன் இரண்டு வருடம் அங்கே ஒரு கிராமத்துச் சாப்பாட்டுக் கடையில் ஒளிந்திருந்து வேலை செய்தாராம். அதைத் தவேர்னா என்பார்களாம். கணவன் அடுப்படியில், மனைவி கல்லாவில், பிள்ளைகள் தட்டுத் தூக்க, சித்தப்பா பின்கட்டில் உருளைக்கிழங்கு உரித்திருக்கிறார்.

"தண்ணிக்கு அவங்கள் நெரோ எண்டுவாங்கள், குஞ்சு. எங்கட நீர்தான், வழியில கொஞ்சம் நெளிஞ்சுபோச்சு" என்று சொல்லிச் சிரிப்பார்.

வீட்டில் ஒரு கட்டளை இருந்தது. சித்தப்பா கிரீஸில் இருந்ததைப் பற்றி வெளியில் மூச்சு விடக்கூடாது. ஏன் என்று கேட்டேன். "சொன்னதைக் கேள்" என்றார் அப்பா. காரணம் சொல்லாமல் கட்டளை போட்டால் எனக்கு அப்போதே பிடிக்காது.

பள்ளியில் அந்தத் தவணை முழுக்க வகுப்பில் பழைய கிரேக்கரைப் பற்றிப் பாடம் நடந்தது. யாருக்காவது ஒரு கிரேக்கச் சொல் தெரியுமா என்று ஆசிரியை கேட்டபோது என் கை தானாக உயர்ந்துவிட்டது. நெரோ என்றேன். என் சித்தப்பா கிரேக்கம் பேசுவார் என்றும் சேர்த்துச் சொன்னேன். ஆசிரியை பாராட்டினார். ஆனால் அதே வகுப்பில் குரோய்டன் மாமாவின் மகளும் இருந்தாள். மாமா அப்பாவின் சிநேகிதர். குரோய்டனில் அகதிகளை விசாரிக்கும் அந்தப் பெரிய கட்டடத்தில் தமிழ் மொழிபெயர்ப்பாளர். அதனால்தான் அவருக்கு அந்தப் பெயர். இடைவேளையில் அவள் எல்லோர் முன்னாலும் என்னைப் பிடித்துக்கொண்டாள். என் சித்தப்பா கொழும்பிலிருந்து நேரே பிளேனில் வந்தவர் என்று என் அம்மாவே அவர்கள் வீட்டில் சொன்னாராம். "நீ ஒரு பொய்க்காரி" என்றாள். இரண்டு வாரம் என்னோடு ஒருவரும் சரியாகப் பேசவில்லை.

அடுத்து வந்தது அவளுடைய பிறந்தநாள். கிரேக்கப் பாடத்தில் அவளுக்கு மோகம் பிடித்திருந்ததால், பக்கத்தில் இருந்த கிரேக்கச் சாப்பாட்டுக் கடை ஒன்றுக்கு மாமா எங்கள் வீட்டாரையும் அழைத்தார். குசினி அடுப்படியில் அப்பா சித்தப்பாவிடம் குசுகுசுத்தது எனக்குக் கேட்டது. "வராட்டி ஏன் எண்டு கேப்பினம். போவம். நீ வாயே திறவாதை."

சித்தப்பா சொன்ன கதை அப்படியே எழுந்து லண்டனுக்கு வந்துவிட்டது போலிருந்தது அந்தக் கடை. நீலக் கதிரைகள், சுவரில் கழுதையோடு ஒரு கிராமம், கல்லாவில் மனைவி, தட்டுத் தூக்கும் இரண்டு மகன்கள். உள்ளே எலுமிச்சையும் சுட்ட ஆட்டிறைச்சியும் மணத்தன. சித்தப்பா வாசலில் கொஞ்சம் நின்றுவிட்டுத்தான் உள்ளே வந்தார்.

முதலில் ஒரு தட்டு வந்தது. திராட்சை இலையில் சோற்றை வைத்து விரல் அளவில் சுருட்டியிருந்தார்கள். நாங்கள் இலையில் கட்டி வந்ததை அவிழ்த்துச் சாப்பிட்டுப் பழகியவர்கள் அல்லவா? அப்பா அவிழ்த்தார், மாமா அவிழ்த்தார், அம்மா இலையை வடிவாக மடித்துத் தட்டின் ஓரத்தில் வைத்தார். சித்தப்பா மட்டும் ஒன்றை எடுத்து, எலுமிச்சை பிழிந்து, இலையோடு வாயில் போட்டார். போட்ட பிறகுதான் எங்கள் தட்டுகளைப் பார்த்தார். மெல்லுவதை நிறுத்திவிட்டார்.

மாமாவின் மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "ஆடு மாதிரி இலை தின்னுறார்!"

எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. கடைக்காரர் ஏப்ரனோடு எங்கள் மேசைப் பக்கம் வந்தது அந்த நேரம் பார்த்துத்தான். நான் என் கிளாஸை உயர்த்தி "நெரோ!" என்று கத்தினேன்.

அந்த மனிதருக்கு எவ்வளவு சந்தோஷம்! யார் சொல்லித் தந்தது என்று கேட்டார். நான் விரலை நீட்டிச் சித்தப்பாவைக் காட்டினேன். அவர் சித்தப்பாவின் தோளில் கைவைத்து, மடமடவென்று கிரேக்கத்தில் என்னவோ கேட்டார்.

சித்தப்பா என்னைப் பார்க்கவில்லை. "நோ கிரீக், சேர்" என்றார்.

"பொய்! சித்தப்பா, பொய் சொல்லாதேங்கோ!" நான் கதிரையில் ஏறி நின்றுவிட்டேன். "இவருக்குக் கிரீக் தெரியும். கிரீஸில ரெண்டு வருஷம் இருந்தவர். கடையில வேலை செய்தவர். அதுதான் இலையோட சாப்பிடுறார்!"

அப்பா என் கையைப் பிடித்து இழுத்த இழுவையில் தோள் நொந்தது. குரோய்டன் மாமா எழுந்தார்.

"அண்ணை, எனக்கு ஒரு போன் வருது. கதைச்சிட்டு வாறன்" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு வெளியே போனார்.

போன் அவருடைய தட்டுக்குப் பக்கத்தில் கிடந்தது. கண்ணாடிக்கு வெளியே அவர் எங்களுக்கு முதுகைக் காட்டி, கோட்டும் இல்லாமல், பொக்கெட்டில் கைகளை விட்டுக்கொண்டு நின்றார். இறைச்சி வந்து ஆறிய பிறகுதான் திரும்பி வந்தார்.

"என்ன, பிள்ளையளுக்குள்ள சண்டையோ?" என்றார். "எனக்கு ஒண்டும் கேக்கேல்லை."

கேட்கவில்லையாம்! என் வாய்க்கு எதிரேதான் அவர் காது இருந்தது.

மூன்றாம் நாள் சித்தப்பா பையைத் தூக்கிக்கொண்டு பர்மிங்காமில் ஒரு சிநேகிதர் வீட்டுக்குப் போய்விட்டார். போகும்போது என் தலையைத் தடவவில்லை. நானும் அழவில்லை. எனக்கு அவர்மேல் அவ்வளவு கோபம்.

ஐரோப்பாவில் முதலில் கால் வைத்த நாட்டுக்கே அகதியைத் திருப்பி அனுப்பலாம் என்று ஒரு விதி இருந்ததை அப்பா பிறகு, நான் வளர்ந்தபின்தான் சொன்னார். கிரீஸில் சித்தப்பா எங்கும் கைரேகை வைக்கவில்லை. அவரைக் காட்டிக்கொடுக்க அவருடைய நாக்கைத் தவிர வேறு சாட்சி கிடையாது. நான் இருந்தேன், அவ்வளவுதான். மாமாவோ காதில் விழுந்ததைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்லும் வேலையில் இருந்தவர். ஒரு பிள்ளைக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாத அந்த விதியை நினைத்தால் எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வரும். நாலு வருடம் கழித்துச் சித்தப்பாவுக்கு விசா கிடைத்தது. என்னோடு நன்றாகத்தான் பேசுவார். கிரேக்கத்தில் மட்டும் ஒரு சொல்லும் பேசுவதில்லை.

அன்று எனக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? சித்தப்பா பொய் சொன்னார், அப்பா பார்த்துக்கொண்டிருந்தார், மாமா வராத போனைச் சொல்லிவிட்டு எழுந்து போனார். அந்த மேசையில் உண்மை பேசியவள் நான் ஒருத்திதான் என்று பல நாள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன்.