போதகரை ஒளித்துவைத்தவள்

இங்கிலாந்தில், அரசுத் திருச்சபையை எதிர்த்துப் பேசியதற்காகப் பிஷப்பின் ஆட்கள் தேடி வந்தபோது, போதகர் கிரேனை மாவு மூட்டைகளுக்குப் பின்னால் நான்கு நாள் ஒளித்துவைத்தவள் மருத்துவச்சி டாமரிஸ். அவர் பேச்சை நம்பித்தான் கணவனோடு கடல் தாண்டி மாசசூசெட்ஸில் குடியேறினாள். ஏழாம் வருஷம் அவருடைய பிரசங்கத்தில் ஒரு சந்தேகத்தைச் சபையில் எழுப்பினாள். அதற்காக அவளை ஊரைவிட்டே விலக்கினார்கள். தீர்ப்பை வாசித்தவர் கிரேன்தான்.

"ஐயா, பயமில்லாம வாயத் திறக்கத்தானே இவ்வளவு தூரம் வந்தோம்?"

"பேச வந்தது நாங்க. நீ காது குடுத்துக் கேக்க வந்தவ," என்றார், முகம் பாராமல்.

அவள் பிரசவம் பார்த்த பெண்கள் அங்கே நிறையப் பேர் இருந்தார்கள். ஒருத்தியும் எழவில்லை.

மறுநாள் காலை பனியில் தெற்கே கிளம்பினாள். கணவன் வேலிவரை வந்தான்.

"குளிர் விட்டதும் வந்துடுறேன், டாமரிஸ்."

குளிர் மூன்று முறை விட்டது. அவன் வரவேயில்லை.