என் பெயரில் நின்ற வண்டி

சுவிட்சர்லாந்தில் சோலோதுர்னுக்கு அருகே, சிறிய மின்வண்டிகள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் வரைபடம் வரைகிறேன். மருத்துவமனைகளுக்குள் சாமான் இழுக்கும் வண்டிகள்தான் எங்கள் பிழைப்பு. பத்தொன்பது வயதில் அகதியாக இந்த நாட்டுக்கு வந்த நான், அதே கட்டடத்தின் வரைபட அறையை நான்கு வருடம் கூட்டித் துடைத்திருக்கிறேன். முப்பது வயதைக் கடந்த பிறகு தொழில் படித்து, அந்த அறையிலேயே எனக்கென்று ஒரு மேசையைப் பெற்றேன். பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. பிறகு நான் செய்த காரியத்துக்கு இதுவும் ஒரு காரணம்.

சில வருடங்களுக்கு முன்பு, சூரிச்சில் நடக்கவிருந்த ஒரு கண்காட்சிக்கு ஆட்கள் ஏறிப்போகும் மாதிரி வண்டி ஒன்று செய்யும்படி முதலாளி சொன்னார். "மலிவாக இருக்கவேண்டும். ஆனால் மலிவாகத் தெரியக்கூடாது" என்றார். மூன்று வாரம் வரைந்தேன். எதை வரைந்தாலும் விலையுயர்ந்த காரைச் சுருக்கி வைத்ததுபோலவே வந்தது.

கீழே பட்டறையில் வெல்டிங் வேலை செய்தவர் பிலிப்பைன்ஸ் நாட்டவர். என் வயதுதான். சுவிஸ் பெண்ணைக் கல்யாணம் செய்து இங்கே வந்தவர். இருவரும் மத்தியானத்துக்குச் சோறு கொண்டுவருவோம்; அப்படித்தான் ஒரே மேசையில் சாப்பிடத் தொடங்கினோம். இருவருக்கும் வேற்றுமொழியான டொச் என்ற ஜெர்மன் மொழியில்தான் பேச்சு.

ஒருநாள் அவர் என் படத்தைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தார்.

"இந்த வளைவை அடிக்க அச்சு வேண்டும். அச்சு இருந்தால் பெரிய தொழிற்சாலையும் வேண்டும். பிறகு எப்படி மலிவாகும்?"

"வேறு எப்படிச் செய்வது?"

மறுநாள் ஒரு சப்பாத்துப் பெட்டியை வெட்டி மடித்துக் கொண்டுவந்தார். அவருடைய ஊரில் மோட்டார் சைக்கிளின் பக்கத்தில் ஒரு கூண்டைப் பொருத்தி ஆட்களை ஏற்றுவார்கள். அதற்கு ட்ரைசிக்கிள் என்று பெயர். தெருமுனை வெல்டிங் கடையிலேயே அதைச் செய்துவிடுவார்களாம். தட்டைத் தகடும் நேர் மடிப்பும் போதும். உடைந்தால் அதே கடையில் ஒட்டிக்கொள்ளலாம். ஜீப்னி என்ற அவர்களுடைய சிற்றுந்தைப் பற்றியும் சொன்னார். நீளவாட்டில் இரண்டு இருக்கைகள். ஏறியவர்கள் எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி போவார்கள்.

"ஒன்று மட்டும் வேண்டாம். ட்ரைசிக்கிளில் எல்லோரும் குனிந்துதான் ஏறவேண்டும். என் அம்மா கடைசிவரை அப்படியே ஏறினார். இதில் ஒருவரும் குனியக்கூடாது."

அன்றிலிருந்து நான்கு மாதம் இருவரும் அதிலேயே கிடந்தோம். கூரை உயர்ந்ததும் வண்டி அலுமாரிபோல் ஆகிவிட்டது. முன்விளக்கிலிருந்து பின்பக்கம்வரை சரிந்தோடும் ஒரே மடிப்பை வரைந்து அந்த உயரத்தை மறைத்தேன். அந்தக் கோடு என்னுடையது. அதை இன்றும் தயங்காமல் சொல்வேன். நிறத்தில் சண்டை வந்தது. ஜீப்னிபோல வண்டி முழுவதும் வண்ணம் வேண்டும் என்றார் அவர். நான் ஒரே நிறம் என்றேன். கடைசியில் வெளியே வெறும் அலுமினியம், உள்ளே சிவப்பும் மஞ்சளும் பச்சையும் என்று முடிவானது. கதவைத் திறந்தால் உள்ளே திருவிழாபோல் இருக்கும்.

கண்காட்சி நாளில் முதலாளி மேடை ஏறினார். "இலங்கையிலிருந்து வந்த எங்கள் வடிவமைப்பாளர், தன் சிறுவயதில் பார்த்த முச்சக்கர வண்டிகளை நினைத்து இதை உருவாக்கியிருக்கிறார்" என்று சொல்லி என்னை அழைத்தார். அவர் வாயால் வடிவமைப்பாளர் என்ற சொல்லை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். எல்லோரும் கை தட்டினார்கள். பட்டறை நண்பர் கதவருகே, தோளுக்குப் பொருந்தாத ஒரு கோட் அணிந்து நின்றார். என் கையில் ஒலிவாங்கியைக் கொடுத்தார்கள்.

நன்றி என்று மட்டும் சொன்னேன்.

மறுநாள் பத்திரிகையில் என் படம் வந்தது. பேர்ண் கோயிலில் எனக்குத் தெரியாதவர்கள்கூட வந்து கை கொடுத்தார்கள். வீட்டில் அந்தப் பக்கத்தை வெட்டி வைத்துக்கொண்டிருந்த என் கணவரிடம் உண்மையைச் சொன்னேன். மருத்துவமனைச் சமையலறையில் வேலை செய்யும் அவர் கத்தரிக்கோலை மெல்லக் கீழே வைத்தார்.

"அப்ப நீர் ஏன் அங்கை சொல்லேல்லை?"

"சொல்லத்தான் வாயெடுத்தனான். ஆனா எல்லாரும் கை தட்டினவை..."

"கை தட்டினா வாய் மூடுமோ?"

கூட்டித் துடைத்தவள் என்று தெரிந்த அதே ஆட்கள் எனக்குக் கை தட்டினார்கள். அதை இன்னொருவரோடு பங்குபோட அன்று எனக்கு மனம் வரவில்லை. உண்மை அதுதான்.

திங்கட்கிழமை பட்டறை நண்பர் வழக்கம்போல வணக்கம் சொன்னார். மத்தியானம் வேறு மேசையில் இருந்து சாப்பிட்டார். இரண்டு மாதம் கழித்து வேலையை விட்டுப் போவதாகக் கடிதம் கொடுத்தார். அதைக் கேள்விப்பட்ட அன்றுதான், அவருடைய பெயரையும் வெளியே சொல்லும்படி கேட்க முதலாளியிடம் போனேன்.

"ஒரு கதைக்கு ஒரு முகம் போதும். யாருக்கு என்ன நட்டம்?" என்றார் அவர்.

நானே பத்திரிகைக்கு எழுதினேன். ஒரு மூலையில் நான்கு வரித் திருத்தம் வந்தது. அதன் பிறகு புது வண்டி எதற்கும் முதலாளி என்னை அழைத்ததில்லை. சாமான் வண்டிகளுக்குத் திரும்பினேன்.

அந்தப் பத்திரிகையை எடுத்துக்கொண்டு நண்பருடைய வீட்டுக்குப் போனேன். பேருந்து ஓட்டுநர் பயிற்சிப் புத்தகம் மேசையில் விரிந்து கிடந்தது. நின்றபடியே வாசித்தார்.

"என் பெயரில் ஓர் எழுத்துப் பிழை" என்றார்.

"மன்னித்துக்கொள். அன்று மேடையில் சொல்லியிருக்க வேண்டும்."

"ஆம், சொல்லியிருக்க வேண்டும்." பத்திரிகையை மடித்து மேசையில் வைத்தார். "யாரோ ஒரு முதலாளி என்னை மறந்தால் எனக்குப் பெரிதில்லை. நீ என்னைப் பார்த்துக்கொண்டே நன்றி சொன்னாய்."

தேநீர் தந்தார். குடித்துவிட்டு வந்தேன். மன்னித்துவிட்டேன் என்று அவர் சொல்லவில்லை. நானும் மறுபடி கேட்கவில்லை.

அந்த வண்டி விற்பனைக்கு வரவே இல்லை. எங்கள் தொழிற்சாலை வாசலில் கண்ணாடிக்குப் பின்னால் நிற்கிறது. என் பெயர் மட்டும் இருந்த அதன் பெயர்ப்பலகையை மாற்றவேண்டும் என்று ஒவ்வொரு வருடமும் எழுதிக் கேட்டேன்; மூன்றாவது வருடம் இருவர் பெயரையும் போட்டு மாற்றினார்கள். அப்போது அவர் பேர்ணில் பேருந்து ஓட்டிக்கொண்டிருந்தார். பலகையைப் படம் எடுத்து அனுப்பினேன். பதிலுக்கு ஒரு படம் வந்தது. அவருடைய ஊரில், மைத்துனரின் வெல்டிங் கடையில் செய்த ஒரு ட்ரைசிக்கிள். வரைபடம் எதுவும் இல்லாமல், இவர் தொலைபேசியில் சொல்லச் சொல்ல மடித்தார்களாம். கூரையை இன்னும் உயர்த்தியிருந்தார்கள். நான் அவ்வளவு பாடுபட்டு வரைந்த கோடு அதில் இல்லை. ஒரு பெண் கையில் குழந்தையோடு நிமிர்ந்தபடி ஏறிக்கொண்டிருந்தாள்.

பலகையைப் பற்றி அவர் ஒன்றும் எழுதவில்லை. நன்றாக இருக்கிறது என்று பதில் எழுதினேன்.