கரையான் தின்ற கல்யாண வருஷம்

பூந்தமல்லியில் புலி இருந்த சங்கதி எனக்கு அமெரிக்காவிலிருந்துதான் தெரியவந்தது. நான் பிறந்து வளர்ந்த ஊர். முப்பது வயதுவரை அங்கே நரியின் ஊளையைத் தவிர வேறெதுவும் என்னைப் பயமுறுத்தியதில்லை. ஆனால் அந்தத் தட்டச்சுத் தாளில் தெளிவாக இருந்தது: குடும்பத்தின் மூன்றாவது மகன், மதராசுக்கு மேற்கே பூந்தமல்லி என்னும் இடத்தில், இருபத்திரண்டு வயதில், மணமாகாதவராக, புலி அடித்து இறந்தார்.

யுத்தத்துக்குச் சில வருஷங்கள் முந்தி நடந்தது இது. நான் மிஷன் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு டீச்சர். எங்கள் ஆலயப் போதகருக்கு ஓர் அமெரிக்க அம்மாள் கடிதம் எழுதியிருந்தார். அமெரிக்காவும் நம்மைப் போல் இங்கிலீஷ்காரன் கையில் இருந்த காலத்தில் அங்கே போய்க் குடியேறிய குடும்பமாம். எட்டுத் தலைமுறையையும் சேகரித்துப் புத்தகமாகப் போடுகிறார். அந்த மூன்றாவது மகன் மட்டும் கப்பலேறி இந்தப் பக்கம் வந்து, கும்பெனிப் பட்டாளத்தில் சேர்ந்துவிட்டார். அவர் கல்லறையில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துச் சொல்ல முடியுமா என்று கேட்டு, அவரைப் பற்றிய பக்கங்களையும் அனுப்பியிருந்தார்.

போதகர் எல்லாவற்றையும் என்னிடம் தள்ளிவிட்டார். "உனக்குத்தானம்மா கையெழுத்து நல்லாயிருக்கு. தப்புக் கண்டுபிடிக்கிறதும் உனக்குப் பிடிக்குமே" என்றார். கையெழுத்தோடு நிறுத்தியிருக்கலாம். எனக்கு இரண்டு நாள் கோபம் தீரவில்லை.

ஆனால் பொய் என்று சொல்ல முடியாது. என்னைப் பெண் கேட்டு வந்த கடிதம் ஒன்றில் ஏழு பிழை இருந்தது. திருத்தி, கீழே கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்பினேன். அந்த வீட்டிலிருந்து பிறகு பேச்சுமூச்சு இல்லை. என் அம்மா சாகும்வரை அதைச் சொல்லிக் காட்டினாள்.

கண்டோன்மெண்டுக்குப் பின்னாலிருந்த பழைய கல்லறைத் தோட்டத்துக்கு ஒரு சனிக்கிழமை போனேன். எனக்கு வேண்டிய கல்லின்மேல் ஓர் ஆடு படுத்திருந்தது. அதை எழுப்புவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. தேங்காய் நாரால் பாசியைத் தேய்த்துப் பார்த்தால், அந்த மனிதர் இறந்தபோது வயது அறுபத்தெட்டு! சார்ஜெண்டாகப் பென்ஷன் வாங்கி, படுக்கையில் நிம்மதியாகக் கண்ணை மூடியிருக்கிறார். புலியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. "அன்புத் தகப்பன்" என்று மட்டும் கடைசி வரியில் வெட்டியிருந்தது.

கல்யாணமே ஆகாமல் புலிக்கு இரையானவர் எப்படி அன்புத் தகப்பன் ஆவார்? நான் கல்லைத் தேய்த்த செய்தி சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கப் போய்விட்டது. விளக்கேற்றும் நேரத்துக்கு ஒரு விதவை அம்மாள் என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். குமணன்சாவடியில் மிஷின் வைத்து ஜாக்கெட் தைப்பவள். எனக்குப் பத்து பதினைந்து வயது மூத்தவள் என்பதால் அக்கா என்றுதான் கூப்பிடுவேன்.

"இன்னா டீச்சரம்மா, எங்க பாட்டன் கல்லை வெளக்கினியாமே?" என்றாள். "எங்க ஊட்டுக்காரரோட தாத்தாவுக்கும் தாத்தா அவுரு."

எனக்குத் தெரியாததல்ல. பூந்தமல்லியில் யாருக்கும் தெரியாததல்ல. அந்தக் குடும்பத்துக்கு ஊர் வைத்திருந்த பட்டமே 'வெள்ளைக்காரன் வப்பாட்டி வம்சம்' என்பதுதான். இத்தனைக்கும் அவர்கள் நம்மைவிட ஒரு பிடி கறுப்பு. அப்பா பெயரின் முதலெழுத்தைப் போட்டுக்கொள்ளும் நம் வழக்கத்தில் வெள்ளைக்காரக் குடும்பப்பெயர் இரண்டு தலைமுறையில் காணாமல் போயிற்று. மிச்சம் இருந்தது பூனைக்கண் மட்டும். அதுவும் இஷ்டப்பட்டால் வரும், இல்லாவிட்டால் வராது.

"எம் பொண்ணுக்கு ரெண்டு எடம் வந்து திரும்பிப் போச்சு" என்றாள் அக்கா. "வப்பாட்டி வம்சத்துல எடுக்க மாட்டாங்களாம். அந்த அமெரிக்காக்காரம்மா புஸ்தகம் போடுதே, அதுல எங்க பாட்டிய அவுரு பொண்டாட்டின்னு எழுதச் சொல்லு. அச்சுல வந்துட்டா அப்பறம் எவன் வாய் தொறப்பான்?"

அன்றிலிருந்து அமெரிக்க அம்மாளின் வேலை என் வேலையாகிவிட்டது. குடும்பத்தின் பெயர்களை எழுதிக்கொள்ளலாம் என்று உட்கார்ந்தால், அக்கா புருஷன் பெயரைச் சொல்லமாட்டாள். அவர் செத்துப் பத்து வருஷமாகியும் வாயைத் திறக்கவில்லை. "வேதத்துல கீறாருப்பா. கோழி கூவ சொல்லோ அழுதாரே, அவுரு" என்றாள். மாமனார் பெயரையும் சொல்லமாட்டாள். மூத்த மகனுக்கு மாமனார் பெயரையே வைத்திருந்ததால் அந்தப் பையனைப் பிறந்ததிலிருந்து 'பெரியவன்' என்று மட்டும்தான் கூப்பிட்டிருக்கிறாள். முழு வேதாகமத்தையும் புரட்டி ஒரு குடும்பத்தை எழுதி முடித்தேன்.

அமெரிக்கப் பக்கத்தில் குழப்பம் அதற்குமேல். அமெரிக்க அம்மாள் திருத்தி அனுப்பிய தாளில் பெரியவன் தனி ஆளாகி, அக்காவுக்கு ஒரு மகன் கூடியிருந்தான். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கும் நம் வழக்கம் தெரியாததால் தாத்தாவையும் பேரனையும் ஒரே ஆளாக்கி, அந்த மனிதரைத் தன் மகனுக்கே பின்னால் பிறக்கவைத்திருந்தார். சிவப்பு மையில் வட்டம் போட்டுப் போட்டு என் விரல் வலித்தது. பழக்கதோஷம், தாளின் கீழே 'இன்னும் கவனம் தேவை' என்றும் எழுதிவிட்டேன். அந்த அம்மாள் கோபித்துக்கொள்ளவில்லை. "எங்கள் ஆலயத்திலும் உங்களைப் போல் ஒரு பெண் இருக்கிறாள். அவள் வந்தால் நாங்கள் எல்லோரும் வேறு வழியாகப் போய்விடுவோம்" என்று பதில் எழுதினார். நல்ல மனுஷி!

ஆனால் கல்யாணத்துக்கு ஆதாரம் வேண்டுமே. போதகர் பெட்டியைத் திறந்து ஆலயத்தின் பழைய பதிவுப் புத்தகத்தைக் கொடுத்தார். தும்மித் தும்மித் தேடினேன். நான்கு பிள்ளைகளின் ஞானஸ்நானம் ஒன்றன்பின் ஒன்றாகக் கிடைத்தது. தகப்பன் பெயர் முழுசாக இருந்தது, தாய்க்கு 'சுதேசிப் பெண்' என்பதோடு சரி. பிறகு, ஆஹா, கல்யாணம்! சார்ஜெண்டுக்கும், அன்று காலையில்தான் ஞானஸ்நானம் பெற்ற ஒரு பெண்ணுக்கும், முறைப்படி, இரண்டு சாட்சிகளோடு. ஆலயத்துக்குள்ளேயே நான் கைதட்டிவிட்டேன். போதகர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

அப்புறம்தான் வருஷத்தைப் பார்த்தேன். எனக்குக் கணக்கு நன்றாக வரும், அதுதான் வினை. மூத்த பிள்ளை பிறந்து எட்டு வருஷம் கழித்துக் கல்யாணம். நான்காவது பிள்ளைக்கே அப்போது ஒரு வயது தாண்டியிருந்தது.

இதை அச்சில் போட்டால் அக்கா மகளின் கதி என்ன? பொண்டாட்டிதான், ஆனால் நாலு பெற்றபிறகு பொண்டாட்டி என்று ஊர் புதிதாக ஒரு பட்டம் கட்டாதா? பள்ளிக்கூடத்தில் ஒரு கோடிட்ட இடத்தை நிரப்பாமல் விட்ட பிள்ளையை நான் வெளியே விட்டதில்லை. அப்பேர்ப்பட்ட நான், கல்யாணம் நடந்த நாளையும் மாதத்தையும் எழுதி, வருஷத்தை மட்டும் விட்டுவிட்டு அமெரிக்காவுக்கு அனுப்பினேன். பிள்ளைகள் பிறந்த வருஷங்களையும் சேர்த்தே மறந்துவிட்டேன்.

அந்த அம்மாள் விடுவாரா? வருஷம் என்ன என்று கேட்டு மறு தபாலில் எழுதினார். கரையான் தின்றுவிட்டது என்று பதில் எழுதினேன். தபாலில் போட்டுவிட்டு வரும்போது மனசுக்குத் திருப்தியாகத்தான் இருந்தது, சொல்ல வெட்கமாயிருக்கிறது. ஒரு பெண்ணின் வாழ்க்கையைக் காப்பாற்றிவிட்ட கர்வம். அக்காவிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பாவம், எதற்கு அவள் மனசை நோகடிக்க வேண்டும்?

புத்தகம் வந்து சேர ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. அதற்குள் பெண்ணுக்கு மூன்றாவது இடம் முத்தாபுதுப்பேட்டையிலிருந்து வந்திருந்தது. பையன் நல்லவன், பெண்ணை ஆலயத்தில் பார்த்துப் பிடித்துப்போய்க் கேட்கச் சொன்னவன். அவன் அம்மாவுக்கும் சம்மதம். அப்பாதான் வப்பாட்டிப் பேச்சைக் காதில் வாங்கிக்கொண்டு இழுத்துக்கொண்டிருந்தார். "புஸ்தகம் வரட்டும், பாத்துட்டு முடிவு சொல்றேன்" என்று சொல்லியிருந்தார். ஆகவே புத்தகம் வந்த ஞாயிற்றுக்கிழமையே குமணன்சாவடியில் எல்லோரும் கூடினோம். தையல் மிஷினை மூலையில் தள்ளிப் பாய் விரித்திருந்தது. பெண் உள்ளே கதவுக்குப் பின்னால் நின்றாள். அவள் மூச்சு விடுவது எனக்குக் கேட்டது.

நான் பக்கத்தைப் புரட்டி, வகுப்பில் வாசிப்பதுபோல் உரக்க வாசித்தேன். "பூந்தமல்லி ஆலயத்தில் மணந்தார்." தமிழிலும் சொன்னேன். மனைவி என்ற வார்த்தையை இரண்டு தரம் சொன்னேன். அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பையனின் அம்மா, "அப்பறம் இன்னாங்க, பொண்டாட்டின்னு போட்டுகீது பாருங்க" என்று புருஷனைப் பார்த்தாள்.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "இங்கே குடுங்க" என்று புத்தகத்தை வாங்கினார். அந்த மனிதருக்கு இங்கிலீஷ் வாசிக்க வரும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

"வருஷம் எங்கே?" என்றார்.

"அது... பதிவுப் புஸ்தகத்துல கரையான் தின்னுடுச்சு. அதையும் அச்சுல போட்டிருக்காங்களே, பாருங்க."

"டீச்சரம்மா, நான் முப்பது வருஷம் ரிக்கார்டு ரூம் குமாஸ்தா" என்றார் நிதானமாக. "கரையான் தின்னா ஓரத்திலேர்ந்து தின்னும், இல்லேன்னா கட்டோட தின்னும். நாளையும் மாசத்தையும் விட்டுட்டு வருஷத்தை மட்டும் பொறுக்கித் தின்ன கரையானை நான் பார்த்ததில்லை."

பாயில் பின்னியிருந்த பூவையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு நல்ல சம்பந்தத்தை என் கையாலேயே கெடுத்துவிட்டேன் என்று நினைத்தபோது அழுகை வந்துவிட்டது.

"கரையானா?" என்றாள் அக்கா. "இன்னா கரையான்? எனக்குத் தெரியாம எந்தக் கரையான் வந்துச்சு?" என்னைப் பார்த்தாள். என்னால் நிமிர முடியவில்லை. அவளுக்குப் புரிந்துவிட்டது. அவர் பக்கம் திரும்பினாள்.

"அண்ணாத்தே, வருசம் நான் சொல்றேன், கேட்டுக்க. மூத்தது பொறந்து எட்டு வருசம் கழிச்சு கண்ணாலம். நாலு புள்ள பெத்தப்பறம். எங்க ஊட்ல சின்னதுல இருந்து பெருசு வரைக்கும் அல்லாருக்கும் தெரியும். அவுரு மொதல் நாள்ல இருந்து கோயிலுக்கு வா, வான்னு கூப்பிட்டுகினே இருந்தாராம். இவ, உன் சாமிய எனக்குத் தெரியாது, நான் ஞானஸ்நானம்னு முழுகி எழுந்திருக்க மாட்டேன்னுட்டா. முழுகாம கண்ணாலம் பண்ண மாட்டேன்னு பாதிரி சொல்லிட்டான். எட்டு வருசம் முரண்டு புடிச்சா. வெள்ளைக்காரன், நெனச்சா கப்பல் ஏறிப் போய்க்கினே இருக்கலாம். போவல. கெஞ்சிக்கினு இங்கியே கெடந்தாரு. நாலாவதுக்கு அம்மை வாத்துப் பொழைச்சப்பறம்தான் இவ சரின்னா. வப்பாட்டிய எவன் எட்டு வருசம் கெஞ்சுவான், சொல்லு?"

அவர் கண்ணாடியைக் கழற்றினார். பையனின் அம்மாதான் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள்.

"அப்ப நாலு புள்ளைங்களும் கண்ணாலத்துல கீதுங்களா அண்ணி?"

"பின்ன? மூணு நின்னுகினு, ஒண்ணு அவ இடுப்புல. தாலி கட்ட சொல்லோ அது வீல்னு கத்திச்சாம். அவுரே வாங்கித் தோள்ல போட்டுகினு கட்டினாராம்."

"மீதி முடிச்சு போட நாத்தனார் வேணுமே. வெள்ளைக்காரனுக்கு அக்கா தங்கச்சி ஏது இங்க?"

"மூத்த பொண்ணு போட்டுச்சாம். ஆத்தா கண்ணாலத்துக்கு எட்டு வயசுப் பொண்ணு நாத்தனாரு!"

பையனின் அம்மா சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். கதவுக்குப் பின்னாலிருந்தும் ஒரு சிரிப்பு வந்தது. "ஏங்க" என்றாள் புருஷனிடம், "உட்டுட்டு ஓடற குடும்பம் இல்லீங்க இது. பேசாம தட்டை மாத்திக்கலாம்." அவர் புத்தகத்தை மூடி என்னிடம் நீட்டினார். "புஸ்தகத்துல தப்பு இருக்கு, சொல்லித் திருத்தச் சொல்லுங்க" என்றார். அவ்வளவுதான். அன்றைக்கே வெற்றிலை பாக்கு மாற்றிக்கொண்டார்கள்.

அவர்கள் போனபிறகு அக்கா என் எதிரில் வந்து உட்கார்ந்தாள். கோபமாகத்தான் இருப்பாள் என்று நினைத்தேன். கோபம் இல்லை.

"நான் பொண்டாட்டின்னு எழுதத்தானே சொன்னேன் டீச்சரம்மா. எப்பன்றத மறைக்கச் சொன்னேனா?"

"உங்களுக்குத் தெரியாதுன்னு நினைச்சேன் அக்கா. தெரிஞ்சா மனசு கஷ்டப்படுமேன்னு..."

"ஊர்க்காரன் கட்டல, வெச்சிருந்தான்றான். அது பொய்யி. அதான் எனக்கு ரோசம். கட்டினது நெசம். எப்ப கட்டினா இன்னா?" என்றாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, மெதுவாகத்தான் கேட்டாள். "எங்களுக்காவ நீ வெக்கப்பட்டியா?"

அன்றிரவே அமெரிக்க அம்மாளுக்கு எழுதினேன். வருஷத்தை எழுதி, கரையான் ஒரு பாவமும் அறியாது என்றும் எழுதினேன். அவர் ஒரு திருத்தச் சீட்டு அச்சடித்து எல்லாப் பிரதிகளிலும் ஒட்டினார். ஒன்று எனக்கும் வந்தது. அமெரிக்காவில் ஐந்து தலைமுறை, பூந்தமல்லியில் ஐந்து தலைமுறை, அத்தனை பேரிலும் அந்தக் கல்யாணத்தை நினைத்து வெட்கப்பட்டவள் நான் ஒருத்திதான், அந்தக் குடும்பத்துக்கு ஒரு சொந்தமும் இல்லாதவள்.