பாதியாக வெட்டிய மாத்திரை

எரிச்சல் ஒரு திங்கட்கிழமை காலையில் தொடங்கியது. இரண்டாம் உலக யுத்த காலம். ஆவடியில் பட்டாளத்துக் கிடங்கில் மூட்டை ஏற்றும் வேலை எனக்கு. சிறுநீர் கழிக்கும்போது ஊசி ஏற்றுவதுபோல் இருந்தது. வேட்டியில் கறை. வெயில் சூடு என்று நினைத்து, ஒரு வாரம் இளநீரும் ஊறவைத்த வெந்தயமுமாகத் தள்ளினேன்.

நினைத்தேன் என்பது பொய். மூன்று வாரம் முன்பு சகாக்களோடு எந்த வீட்டுக்குப் போனேன் என்பது எனக்குத் தெரியும்.

உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. பூந்தமல்லியில் ஒரு டாக்டரைப் பார்த்தேன். கசிவைக் கண்ணாடித் தகட்டில் தடவி நுண்ணோக்கியில் பார்த்தார்.

"வெட்டை நோய்க் கிருமி இதுல இல்லை. ஆனா மூத்திரக் குழாய் புண்ணாகியிருக்கு."

இன்று, வெட்டை (கொனோரியா) இல்லாமல் வரும் இந்தப் புண்ணுக்குப் பெரும்பாலும் காரணம் கிளமிடியா (உடலுறவால் தொற்றும் ஒரு நுண்கிருமி) என்கிறார்கள். சல்பா மாத்திரை (கிருமியை வளரவிடாத மருந்து) கொடுத்தார்.

"சம்சாரத்தையும் கூட்டிக்கிட்டு வாப்பா. அந்தம்மாவுக்கும் மருந்து வேணும். இல்லேன்னா உனக்கே திரும்பி வரும்."

தலையாட்டிவிட்டுப் பருத்திப்பட்டில் இருந்த வீட்டுக்கு வந்தேன். சரசாவைக் கட்டி ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. என்ன சொல்வது? ஒவ்வொரு மாத்திரையையும் அரிவாள்மணையில் வைத்து இரண்டாக வெட்டினேன். பாதி எனக்கு, பாதி அவளுக்கு.

"இன்னா இது?"

"ஒடம்பு சூட்டுக்கு. நானும்தான் துன்றேன்."

நம்பி விழுங்கினாள்.

அரை மருந்தில் இருவருக்கும் குணமாகவில்லை. எரிச்சல் அடங்கி, பத்து நாளில் திரும்ப வந்தது. அவள் அடிவயிற்று வலியில் சுருண்டு படுத்தாள். அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க என்னால் முடியவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தாள். "தப்பு பண்ணிக்கினு வந்தே, அத்தகூட வுட்டுடலாம். இன்னான்னு சொல்லாமயே என் வாயில மருந்து போட்டியே."

மறுநாள் இருவரும் போனோம். டாக்டர் என்னைத் திட்டினார். இருவருக்கும் முழு மாத்திரை, நிறையத் தண்ணீர், குணமாகும்வரை தனிப்படுக்கை.

இதே நோயோடு இதைப் படிப்பவருக்கு ஒன்று சொல்வேன். இப்போது இதைவிட நல்ல மருந்துகள் வந்துவிட்டன. டாக்டர் சொன்ன நாள்வரை சாப்பிடுங்கள். துணையிடம் சொல்லிவிடுங்கள்.

எங்கள் நோய் சில வாரங்களில் போய்விட்டது. ஆனாலும் சிறுநீர் கழிக்கும் முன் என் உடம்பு இன்னும் ஒரு நொடி தயங்குகிறது. சரசாவுக்குத் தலைவலி என்றால் நான்தான் மாத்திரை எடுத்துக் கொடுப்பேன். வாங்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "இது எதுக்கு?" என்று கேட்ட பிறகே விழுங்குவாள். ஐம்பது வருடமாகப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.