தள்ளுதற்சீட்டில் ஏறிய பெயர்

பட்டறை அறையிலிருந்து சுத்தியல் சத்தம் கேட்டது. தோலில் ஆணி இறங்கும் மந்தமான சத்தம் பக்மாலுக்கு இருபத்தைந்து வருடப் பழக்கம். இது அதுவல்ல. மெத்தென்று எதிலோ புகுந்து, பிறகு பலகையில் போய் டக்கென்று நின்றது. கொத்தமல்லி நறுக்கிக்கொண்டிருந்தவளின் கை அப்படியே நின்றுவிட்டது.

"அடப்பாவி! என் புத்தகம்டா அது!" என்று நாத்தனார் சிவ்யோ அலறினாள்.

பக்மால் எழுந்துபோய் எட்டிப் பார்த்தாள். அவள் கணவன் இலியாவ், சிவப்பு அட்டை போட்ட புத்தகம் ஒன்றை வேலைப் பலகையில் வைத்து நாலு மூலையிலும் ஆணி அடித்திருந்தான். ஐந்தாவது ஆணியை எழுதியவளின் பெயர்மேல் நிறுத்தியிருந்தான். 'மெஹ்ரி சமர்கந்தி' என்று அட்டையில் அச்சாகியிருந்தது.

"இவ மட்டும் என் கையில சிக்கட்டும்க்கா. எந்த விரலால எழுதினாளோ அந்த விரல இதே பலகையில வெச்சு நசுக்கறேன்." ஆணி இறங்கியது.

"நீ ஏன்டா குதிக்கிற? கதையில வர்ற செருப்புக்காரன் பேரு இலியாவா?"

"பேரு போட்டாத்தானா? ஜெப ஆலயத்துல நான் நுழைஞ்சா ஒருத்தன ஒருத்தன் முழங்கையால இடிச்சுக்கறானுங்க. கசாப்புக்கடைக்காரன் என்ன கேட்டான் தெரியுமா? 'இலியாவ், உன் இரும்புக் கால் சௌக்கியமா'ங்கறான்!"

செருப்பை மாட்டித் தட்டுகிற இரும்புக் காலால் பெண்டாட்டியை அடிக்கிறவன் கதை அது. சிவ்யோ சிரிப்பை அடக்கத் தேநீர்க் கிண்ணத்துக்குள் முகத்தை நுழைத்தாள். நிமிர்ந்தபோது பக்மால் கண்ணில் பட்டாள்.

"நீ என்னடி வேடிக்கை? சாமான் சீட்டு எழுதினா மூணு தப்பு எழுதறவ. மெஹ்ரி எழுத்தப் படிச்சுப் பாரு, வயித்தக் கலக்கும். அந்தப் பொம்பள பட்ட கஷ்டத்துல பாதி பட்டிருந்தா நீ தாங்கியிருப்பியா?"

"தாங்கியிருக்க மாட்டேன் அண்ணி," என்றாள் பக்மால்.

வேறு என்ன சொல்வாள்? மெஹ்ரி அவள்தானே!

பக்மாலின் அப்பா முடி வெட்டுகிறவர். சமர்கந்தின் யூதர் தெருவில் சொந்த வீடு, ஒரே மகள். அதனால் மாப்பிள்ளையை வீட்டோடு வைத்துக்கொண்டார். கல்யாணமான மூன்றாம் மாதம், வெள்ளி இரவெல்லாம் தணலில் கிடந்த ஓய்வுநாள் சோறு அடிபிடித்துவிட்டது. இலியாவ் தட்டோடு அவள் முகத்தில் எறிந்தான். அப்பா உயிரோடிருந்தவரை தட்டோடு நின்றது. அவரை அடக்கம் செய்துவிட்டு வந்த பிறகு கை நீண்டது. பிறகு பெல்ட். ஒருநாள் இரும்புக் கால். அன்று ஐந்து மாதக் கரு கலைந்து ரத்தமாய் ஓடிற்று.

ஆஸ்பத்திரியில் "படியில் விழுந்துவிட்டேன்" என்றாள். அதே அறையில் அவள் இனத்துப் பெண்கள் இன்னும் மூன்று பேர். மூவரும் படியில் விழுந்தவர்கள்தான். மாடியே இல்லாத அந்தத் தெருவில் இத்தனை படிகள் எங்கிருந்து வந்தன என்று நினைத்தாள். சிரிப்பு வந்தது; சிரித்தால் விலா வலித்தது. அன்றைக்கே மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் எழுதத் தொடங்கினாள்.

அதற்குப் பிறகு தேயிலை கட்டும் ஆலையில் மதிய இடைவேளைகளில் எழுதினாள். துஷான்பேயில் அச்சகத்தில் இருந்த தோழி ஒருத்தி வேறு பெயரில் அச்சிட்டுத் தந்தாள். எட்டு வருடத்தில் மூன்று சின்னப் புத்தகங்கள். ரொட்டி அடுப்படியிலும் பொதுக் குளியல்கூடத்திலும் பெண்கள் சத்தமாய்ப் படித்து மூக்கைச் சிந்தினார்கள். அவள் கதையை அவளிடமே படித்துக்காட்டி, "பாவம் இல்ல?" என்று கேட்டவர்களும் உண்டு.

இன்றைக்கு அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. தள்ளுதற்சீட்டு, யூத முறைப்படி கணவன் கொடுக்கும் விவாகரத்துப் பத்திரம். அரசாங்க நீதிமன்றம் போன வருடமே பிரித்து வைத்துவிட்டது. ஆனால் கணவன் தன் கையால் அந்தச் சீட்டைப் பெண்டாட்டி கையில் போடாதவரை, அவள் எந்த ஊருக்குப் போனாலும் அவனுடைய மனைவிதான். எந்த இரவிலும் அவன் கதவைத் தட்டலாம். தாஷ்கண்டில் ஒரு விதவையை அவனுக்கென்று சிவ்யோ பார்த்து வைத்திருந்ததால்தான் இலியாவ் இறங்கி வந்திருந்தான்.

பத்து மணிக்கு ஜெப ஆலய குரு ரபி பின்ஹஸ் வந்தார். கூடவே சீட்டு எழுதுகிறவர், சாட்சிக்கு இரண்டு பேர். முன்னறையில் மேசை போட்டு உட்கார்ந்தார்கள்.

"பேரு?" என்றார் ரபி.

"பக்மால். ஓஷர் மகள்," என்றான் இலியாவ்.

"வேற எந்தப் பேர் சொல்லியாவது கூப்பிடுவாங்களா? வீட்டுல, வேலையில, தெருவுல?"

"நான் கூப்பிடற பேரெல்லாம் எழுத முடியாது ரபி ஐயா." சாட்சிகள் சிரித்தார்கள்.

ரபி சிரிக்கவில்லை. பக்மால் பக்கம் திரும்பினார். "யோசிச்சுச் சொல்லும்மா. ஊருக்குத் தெரிஞ்ச ஒரு பேர் விட்டுப்போனாலும் சீட்டு செல்லாது. இன்னிக்கு யாரும் கேக்க மாட்டாங்க. பத்து வருஷம் கழிச்சு ஒருத்தன் எழுந்து சொன்னாலும் போச்சு."

இதைப் பக்மால் எப்படி மறந்தாள்? பக்கத்துத் தெரு தோவோவுக்கு நடந்ததைக் கண்ணால் பார்த்தவள் அவள். சின்ன வயதில் வைத்த ஒரு செல்லப்பெயர் சீட்டில் விட்டுப்போயிற்று. எட்டு வருடம் கழித்து முதல் புருஷன் அதைக் கண்டுபிடித்துக்கொண்டு வந்தான். மறுகல்யாணம் செய்து இரண்டு குழந்தை பெற்றிருந்தவளை முடியைப் பிடித்து, பனியில், தெரு முழுக்க இழுத்துக்கொண்டு போனான். அவள் குதிகால் கிழித்த ரத்தக் கோடு மூன்று நாள் தெருவில் கிடந்தது. "சட்டம் அவன் பக்கம்" என்று நின்றவர்கள் எல்லாரும் சொன்னார்கள்.

பேசாமல் இருந்தால் இன்று தப்பலாம். ஆனால் மெஹ்ரி யாரென்று இலியாவ் என்றாவது கண்டுபிடிப்பான். அன்று அவனும் முடியைப் பிடிக்க வருவான், சட்டத்தோடு. சொன்னால்? பட்டறையில் சுத்தியல் இருந்தது.

"இன்னொரு பேர் இருக்கு, ரபி ஐயா," என்றாள். தன் குரல்தானா என்று அவளுக்கே சந்தேகம். "மெஹ்ரி. மெஹ்ரி சமர்கந்தி."

முதலில் சிரித்தது சிவ்யோ. "நீயா? ஏன்டி, காலையிலேயே பகல் கனவா?"

"மூணாவது புத்தகத்துல புருஷன் பின்னல்ல கட்டித் தொங்கவிடற பொண்ணு வருவா இல்ல அண்ணி? அது எங்க நடந்துச்சுன்னு நினைக்கறீங்க? இந்த முற்றத்துக் குளியலறையிலதான். நீங்க அன்னிக்கு விருந்துக்கு வந்திருந்தீங்க. குளியலறை ஏன் பூட்டியிருக்குன்னு கேட்டீங்க."

சிவ்யோ திரும்பி முற்றத்தைப் பார்த்தாள்.

இலியாவ் மேசையைத் தாண்டி வந்தான். மைப்புட்டி உருண்டது. பக்மாலின் பின்னலை மணிக்கட்டில் ஒரு சுற்றுச் சுற்றிப் பட்டறைக்கு இழுத்தான். வாசற்படியில் அவள் தாடை மோதிப் பல் ஒன்று உடைந்தது. அவளுடைய வலது கையை ஆணி அடித்த புத்தகத்தின்மேல் விரித்து, முழங்கையால் அழுத்திப் பிடித்தான்.

"இதாலதானே எழுதின?"

முதல் அடி நடுவிரலில் விழுந்தது. எலும்பு உடைந்த சத்தம் முன்னறைவரை கேட்டது. இரண்டாவது அடி மோதிர விரலில். புத்தகத் தாள்களின் வெள்ளை விளிம்பெல்லாம் சிவந்தது. சாட்சிகள் இருவரும் வாசலில் கட்டைபோல நின்றார்கள். அவன் மூன்றாவது முறை கையை ஓங்கியபோது, அக்கா சிவ்யோ பாய்ந்து அவன் மணிக்கட்டைக் கடித்தாள். வெறிபிடித்தவள்போலக் கடித்தாள். சுத்தியல் கீழே விழுந்தது. அதற்குப் பிறகுதான் ஆண்களுக்குக் கைகால் வந்தது. நாலு பேருமாய் அவனைச் சுவரோடு அமுக்கினார்கள்.

"சீட்டு கிடையாது!" என்று கத்தினான். "சாகற வரைக்கும் கிடடி! என் பேரச் சுமந்துக்கிட்டே அழுகிப் போ!"

பக்மால் தரையில் உட்கார்ந்திருந்தாள். சிவ்யோ தன் தலைத்துணியை அவிழ்த்து அவள் கையைச் சுற்றினாள். "ஆஸ்பத்திரிக்குப் போலாம் வா."

"சீட்டு வாங்காம நான் எழுந்திருக்க மாட்டேன் அண்ணி."

"ஏன்டி என்கிட்ட சொல்லல? ஒரு தடவையாவது சொல்லியிருக்கலாமே!"

"சொல்லியிருந்தா?"

சிவ்யோ தலைகுனிந்தாள். "அவன்கிட்ட சொல்லியிருப்பேன்," என்று அழுதாள்.

ரபி பின்ஹஸ் மூச்சு வாங்க நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் தாடியில் மை வழிந்திருந்தது. "இலியாவ், கட்டாயப்படுத்தி வாங்கின சீட்டு சீட்டே இல்ல. அதனால குடுன்னு நான் சொல்ல மாட்டேன். நான் என்ன செய்வேன்னு மட்டும் சொல்றேன். அடுத்த வாரம் உங்கம்மா நினைவு விருந்து. நான் வரல. இவங்க மூணு பேரும் வர மாட்டாங்க. பத்து ஆம்பளைங்க சேராம ஜெபம் கிடையாது; எங்கேயிருந்து கூட்டற, பார்ப்போம்."

"நானும் ஒண்ணு சொல்றேன்," என்றாள் சிவ்யோ. "தாஷ்கண்ட்காரிகிட்ட உன்னப் பத்தி வாய் கூசாம பொய் சொன்னவ நான். சாயங்கால ரயில்ல போய் அவ அண்ணன்மார்கிட்ட உள்ளத உள்ளபடி சொல்லிட்டு வரேன்."

எழுதுகிறவர் புது மைப்புட்டியைத் திறந்து, இறகைச் சீவி வைத்துக்கொண்டு காத்திருந்தார். மதியமாயிற்று. வெயில் முற்றத்தைத் தாண்டிச் சுவர் ஏறியது. பொழுது சாய்ந்தால் அன்றைக்கு எழுத முடியாது. பக்மாலின் கை தலைத்துணிக்குள் ரொட்டிமாவுபோல உப்பிக்கொண்டு வந்தது. அவள் முனகக்கூட இல்லை. அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்று மணிக்கு இலியாவ் கடிபட்ட மணிக்கட்டைத் தடவியபடி, "எழுதுங்க," என்றான்.

"உன் மனசாரவா?"

"மனசாரத்தான்."

ரபி மூன்று முறை கேட்டார். மூன்று முறையும் சொன்னான். பன்னிரண்டு வரிச் சீட்டில் 'மெஹ்ரி என்றும் அழைக்கப்படும் பக்மால்' என்று ஏறியது. மை காய்ந்ததும் சாட்சிகள் கையெழுத்திட்டார்கள்.

"மோதிரத்தக் கழட்டணும்மா," என்றார் ரபி தயக்கத்தோடு. "கைக்கும் சீட்டுக்கும் நடுவுல எதுவும் இருக்கக் கூடாது."

மோதிரம் வீங்கிய விரலுக்குள் புதைந்துபோயிருந்தது. சோப்பு போட்டுப் பார்த்தார்கள், அசையவில்லை. சிவ்யோ ஆணி பிடுங்கும் குறட்டை எடுத்து வந்தாள். பக்மால் துணியைப் பல்லில் கடித்துக்கொண்டாள். உடைந்த விரலோடு மோதிரம் ஒரு முறை திரும்பியது. இருபத்தைந்து வருடத்தில் அந்த வீடு கேட்காத அலறல் அது. குறடு ஒருவழியாய்த் தங்கத்தை நறுக்கியது.

இரண்டு கைகளையும் சேர்த்துக் குவித்து நீட்டினாள். "இதோ உன் தள்ளுதற்சீட்டு. இனி எந்த ஆணுக்கும் நீ தடையில்லாதவள்," என்று ரபி சொல்லச் சொல்ல இலியாவ் திருப்பிச் சொல்லி, மடித்த சீட்டைப் போட்டான்.

"கையை மூடும்மா. மூடினாத்தான் உன்னோடது."

மூடினாள். கண்ணில் நட்சத்திரம் பறந்தது. சீட்டை மார்போடு தூக்கிப்பிடித்து, முறைப்படி நாலடி நடந்தாள். சுவர் வந்தது, அதில் நெற்றியைச் சாய்த்து, முதல்முறையாக விசும்பி அழுதாள்.

ரபி சீட்டை வாங்கி, மறுபடி யாரும் பயன்படுத்த முடியாதபடி ஓரத்தில் கத்தியால் கீறிப் பத்திரப்படுத்தினார். "இலியாவ், இனிமே இவளும் நீயும் ஒரே கூரைக்குக் கீழ இருக்கக் கூடாது. இது அவ அப்பன் வீடு."

எழுதுகிறவரும் சாட்சிகளும் ரபியோடு தெருவில் இறங்கி அவனுக்காக நின்றார்கள். இலியாவ் கோட்டை மாட்டிக்கொண்டு, யார் வீட்டுக்கோ வந்தவன்போல நிலைவாசலில் தடுமாறினான்.

"நாளைக்கு வந்து சட்டையெல்லாம் எடுத்துக்கட்டுமா?" என்று கேட்டான்.

"வேணாம். அண்ணி கொண்டுவந்து தருவாங்க," என்றாள் பக்மால்.

அவன் படியிறங்கினான். அவள் இடதுகையால் கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டாள்.